மன அழுத்த மாத்திரை: முதல் இரண்டு வாரம் ஏன் இப்படிப் படுத்துகிறது?

மன அழுத்தத்துக்கு எஸ்சிடலோபிராம் வாங்கிப் போனவர்களில் சிலர் நாலைந்து நாளிலேயே கடைக்குத் திரும்பி வருவார்கள். கையில் பத்து மாத்திரை அட்டை, அதில் மூன்று குழி மட்டும் காலி. "அண்ணாச்சி, வயித்தப் பொரட்டுது, படபடப்பு முன்னவிடக் கூடிட்டு. இத எடுத்துக்கிட்டு ரூவாயத் தருவியளா?" அம்பாசமுத்திரம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு இது பழகிய கேள்வி. பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய், காத்துக் கிடந்து டாக்டரைப் பார்த்து வாங்கிய மருந்து, பலன் தொடங்கும் முன்பே நின்றுபோகிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

வயிற்றைப் பிரட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் உடம்பில் உள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 விழுக்காடு குடல் பகுதியில்தான் இருக்கிறது. குடலின் அசைவுக்கு அது வேண்டும். மூளையிலோ, ஒரு நரம்பு செல் அடுத்ததற்குச் செய்தி சொல்ல இதே பொருளை இடைவெளியில் விடும். சொல்லி முடித்ததும் ஒரு கடத்திப் புரதம் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். எஸ்சிடலோபிராம் அந்தப் புரதத்தை அடைத்துவிடுகிறது. குடலிலும் அதே புரதம் இருப்பதால் அங்கேயும் செரோடோனின் தேங்கி, குமட்டலும் சிலருக்கு வயிற்றுப்போக்கும் வருகின்றன. சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டால் கொஞ்சம் தணியும். ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலோருக்குத் தானாகவே அடங்கிவிடும்.

சரி, அடைப்பு சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. மனசு தெளிய மட்டும் ஏன் இரண்டு முதல் ஆறு வாரம்? செரோடோனினை விடுகிற செல்லிலேயே அதன் அளவைக் கவனிக்கும் உணரிகள் உண்டு. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏறினால் மிதவைப் பந்து குழாயை மூடுகிறதல்லவா, அப்படித்தான். அளவு கூடியதும் இவை செல்லை அடக்கி, விடுவதைக் குறைத்துவிடும். மருந்து நாள்தோறும் தொடர்ந்தால்தான் இந்த உணரிகள் மெல்ல மெல்லச் சுரணை குறைந்து வழிவிடும். அப்புறம் நரம்பு செல்களுக்கு இடையே புது இணைப்புகள் உருவாவதும் நடக்கிறது. அதற்கும் வாரக்கணக்கு ஆகும். பக்கவிளைவு முந்திக்கொள்வதும் பலன் பிந்துவதும் இதனால்தான். மருந்துச் சீட்டு எழுதும்போதே இதை இரண்டு நிமிடம் சொல்லிவிட்டால், பாதியில் விடுகிறவர்கள் வெகுவாகக் குறைவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

செரோடோனின் குறைவதுதான் மன அழுத்தம் என்று ரொம்ப காலம் சொல்லி வந்தார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. மருந்து பலன் தருகிறதா என்பது தனிக் கேள்வி. அதற்குச் சான்று உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. இதன் நெருங்கிய உறவான சிடலோபிராமை முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அறிகுறிகள் நீங்கித் தேறினார்கள். மற்றவர்களுக்கு அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருந்தது.

வாய்விட்டுச் சொல்லாத தொல்லைகளும் உண்டு. தாம்பத்திய ஆசை குறைவது, உச்சம் எட்டாமல் போவது. கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கேட்பார்கள். "அழுக வரல, ஆனா சிரிப்பும் வரல" என்பார்கள் சிலர். இரண்டுமே இம்மருந்தால் வரக்கூடியவைதான். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பார்க்க வழி இருக்கிறது. டாக்டரே முந்திக்கொண்டு கேட்டுவிட்டால் நோயாளிக்கு எவ்வளவு நிம்மதி!

முக்கூடல் பக்கம் நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் பெண்களுக்குக் கழுத்துவலி, முதுகுவலி ஓயாது. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைச் சீட்டில்லாமலே கேட்பார்கள். மனசுக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் இங்கே உஷாராக இருக்க வேண்டும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் அதே கடத்திப் புரதத்தால்தான் செரோடோனினைச் சேர்த்துவைக்கின்றன. அடைத்துவிட்டால் இருப்பு குறைந்து, உறைதல் மந்தமாகும். வலி மாத்திரையோ வயிற்றின் உள்தோலைப் புண்ணாக்கும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து கூடுகிறது. மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

25 வயதுக்குட்பட்டவர்களில் சிலருக்கு, தொடங்கிய வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம். வீட்டில் உள்ளவர்கள் கூடவே இருந்து கவனியுங்கள். டாக்டரை உடனே பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

தேறியபின் திடீரென்று நிறுத்துவதுதான் அடுத்த சிக்கல். எஸ்சிடலோபிராம் ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 30 மணி நேரம் ஆகும். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை கிளம்பும்போது அட்டையை வீட்டில் விட்டுவிட்டால், இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். வெயிலால், விரதத்தால் வந்தது என்று நினைத்துவிடுவார்கள். மாத்திரையைப் பையில் எடுத்துப் போங்கள். நிறுத்த நினைத்தால் டாக்டரிடம் கேட்டு, வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறையுங்கள்.