மூன்று பிரதி இருந்தும் தொலைந்த கோப்புகள்

"மூணு பிரதி வெச்சிருக்கோம்னு சொன்னீங்களே?" என்று கேட்டார் எங்கள் கோப்புச் சேமிப்பு, சிங்க் சேவையின் ஒரு வாடிக்கையாளர். சொன்னது உண்மைதான். மூன்று சர்வர்களில், மூன்று தனித்தனி ரேக்குகளில் அவருடைய கோப்புகள் இருந்தன. அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது; அழித்த கோப்புகளை விட்டுவைக்கும் ஏழு நாள் அவகாசம் முடிந்ததும் மூன்று இடங்களிலும் ஒழுங்காக அழிந்தன. நடந்ததையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் லாக்கை வரிவரியாகப் பார்த்தோம். ஒரு பிழை கூட இல்லை.

அவர் சிங்க் ஃபோல்டரை, அதாவது எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி இருக்கும்படி எங்கள் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் ஃபோல்டரை, வெளி டிஸ்க் ஒன்றில் வைத்திருந்தார். ஒருநாள் கேபிள் கழன்றுவிட்டது. டிஸ்க் இணைந்திருந்த இடத்தில் அதே பெயரில் ஒரு வெற்று ஃபோல்டர் மட்டும் மிஞ்சியது. எங்கள் மென்பொருள் அதைப் பார்த்தது: ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை, நேற்று எல்லாம் இருந்தது. சரி, எல்லாவற்றையும் அழித்துவிட்டார் போல என்று தானே முடிவுகட்டி சர்வருக்குச் சொன்னது. சர்வர் அவருடைய மற்ற லேப்டாப்புக்கும் போனுக்கும் சொன்னது. அவர் வெளியூர் போயிருந்ததால் மூன்றாவது வாரம்தான் கவனித்தார். இடத்தை மிச்சப்படுத்த ஏழு நாள் போதும் என்று முடிவெடுத்த கூட்டத்தில் நானும் தலையாட்டியிருந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் டிஸ்க் சாவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உண்மையில் அந்தப் பகுதி ஓரளவு தீர்ந்துபோனது. 2003-இல் கூகுள் தன் கோப்பு முறைமையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. கோப்பை 64 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் வைப்பது, இயந்திரம் பழுதாவதை அன்றாட நிகழ்வாகவே எடுத்துக்கொள்வது என்று வழி அதில் தெளிவாக இருந்தது. மூன்று பிரதி செலவு அதிகம் என்றால் 1960-லேயே வந்த ரீட்-சாலமன் முறை இருக்கிறது. தரவை ஆறு துண்டாக்கி, அவற்றிலிருந்து மூன்று சரிபார்ப்புத் துண்டுகளைக் கணக்கிட்டு, ஒன்பதையும் ஒன்பது இயந்திரங்களில் வைக்கலாம். எந்த மூன்று போனாலும் மீதி ஆறிலிருந்து முழுத் தரவையும் எடுத்துவிடலாம். மூன்று மடங்கு இடம் பிடித்தது ஒன்றரை மடங்கில் அடங்கிவிடும். அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, கோப்பு தொலையாது என்பதற்குப் பதினொரு ஒன்பதுகள் என்று சொல்லும் 99.999999999 சதவீதமும் இந்த வகைக் கணக்குதான். ஒரு கோடி கோப்பு வைத்தால், சராசரியாகப் பத்தாயிரம் வருடத்துக்கு ஒன்று போகலாம். அந்தக் கணக்கில் கழன்ற கேபிளுக்கோ, தவறாக அழுத்திய டெலீட்டுக்கோ இடமில்லை. கோப்புகளை எல்லாம் பூட்டிவிடும் ரான்சம்வேரையும் சிங்க் மென்பொருள் சாதாரண எடிட் என்று நினைத்துத்தான் எல்லாக் கருவிக்கும் கொண்டுபோகும்.

சிக்கல் முழுக்க "இல்லை" என்ற ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. லேப்டாப்பில் ஒரு கோப்பு இருக்கிறது, போனில் இல்லை. லேப்டாப்பில் புதிதாக உண்டாக்கினார்களா, போனில் அழித்தார்களா? இரண்டு பக்கத்தையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. கடைசியாக ஒத்துப்போனபோது எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும். அழித்ததற்கும் ஒரு பதிவு வேண்டும். அதை டூம்ப்ஸ்டோன் என்போம், கல்லறைக் கல் மாதிரி. அதை எத்தனை நாள் வைத்திருப்பது? சீக்கிரம் தூக்கிப்போட்டால், ஆறு மாதம் அலமாரியில் கிடந்த டேப்லெட் ஒருநாள் விழித்துக்கொண்டு, அழித்த கோப்புகளை எல்லாம் புதியவை என்று திருப்பி ஏற்றிவிடும். நாங்கள் அதையும் பார்த்திருக்கிறோம். நீண்ட நாள் வராத கருவியின் பேச்சை நம்பாமல், முதல் முறை வருகிற கருவியைப் போல நடத்துவது என்று பிறகு வைத்துக்கொண்டோம்.

கேபிள் கதைக்கு மருந்து எளிது. ஃபோல்டருக்குள் மறைவாக ஓர் அடையாளத்தை வைத்துவிட வேண்டும். அது கண்ணில் படாவிட்டால் சிங்க் நின்றுவிட வேண்டும். சிங்திங் என்ற இன்னொரு சிங்க் மென்பொருள் ஃபோல்டரில் ஓர் அடையாளத்தை உண்டாக்கி வைப்பது இதற்காகத்தான். கூடவே, கோப்புகளில் பெரும்பகுதி ஒரே அடியாகக் காணாமல் போனால், அழிக்கும் முன் பயனரிடம் கேட்க வேண்டும். எரிச்சல்படுவார்கள், பரவாயில்லை.

இரண்டு பேர் ஒரே கோப்பைத் திருத்தினால் கடைசியாக எழுதியவர் வெல்வார் என்று விட்டுவிடுவது இன்னொரு வலை. "கடைசி" என்பதை எந்தக் கடிகாரம் சொல்கிறது? பத்து நிமிடம் முன்னால் ஓடும் போன் எப்போதும் வெல்லும். வெவ்வேறு இயந்திரங்களின் நேரத்தை நம்பி வரிசை போட முடியாது என்பதால்தான் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் எண்ணிக்கையால் ஓடும் தர்க்கக் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணிக்கை வைத்து, ஒன்றையொன்று அறியாமல் நடந்த திருத்தங்களைக் கண்டுபிடித்து, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். முரண் பிரதி அழகாக இருக்காது. ஆனால் யாருடைய உழைப்பும் போகாது.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு கிளைக் கதை. "கொ" என்ற எழுத்தை, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: கொம்பையும் காலையும் ஒரே குறியாக, அல்லது இரண்டு தனிக் குறிகளாக. பார்வைக்கு ஒன்றே, பைட்டுகள் வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை பெயரைத் தானாகவே பிரித்து எழுதிவிடும். லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். "கொள்முதல்" என்று ஒரு கோப்பு வைத்தால், ஒரே பெயரில் இரண்டு கோப்பு முளைக்கலாம். பெயர்களை ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆங்கிலப் பெயர்களை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள்.

அப்புறம் பேக்கப். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். காப்புக்கு என்று பல வழிகள் வைத்திருந்தார்கள். நம்பியிருந்தவை நேரத்துக்குக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் வாரம் ஒருமுறை சில கோப்புகளைக் குலுக்கலில் எடுத்து, பேக்கப்பிலிருந்து மட்டுமே மீட்டுப் பார்க்கத் தொடங்கினோம். முதல் வாரமே மாட்டிக்கொண்டோம். துண்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. எந்தத் துண்டு எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று சொல்லும் மெட்டாடேட்டாவின் பேக்கப்தான் பல வாரங்களாக ஓடாமல் நின்றிருந்தது. ஓடாவிட்டால் எச்சரிக்கும் மின்னஞ்சல், வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது அந்த எச்சரிக்கை குழுவில் எல்லோருக்கும் வருகிறது. பேக்கப் வெற்றிகரமாக முடிந்தாலும் ஒரு செய்தி வரும். காலை பத்து மணிக்குள் அது வராவிட்டால் யாராவது எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். அழித்த கோப்புகளின் அவகாசத்தை ஏழிலிருந்து தொண்ணூறு நாளாக்கினோம். டிஸ்க் செலவைப் பற்றி இதை முடிவுசெய்த கூட்டத்தில் யாரும் பேசவில்லை.