வெளிவேடமும் புறத்தேற்றமும்

கொழும்பிலிருந்து வெளிவரும் தமிழ் நாளிதழ்களின் அரசியல் பத்திகளிலும், தேர்தல் காலத்துத் தொலைக்காட்சி விவாதங்களிலும், ஒரு கட்சியின் பேச்சாளர் மற்றக் கட்சியைத் தாக்கும்போது பாசாங்கு, போலித்தனம், இரட்டை வேடம், கபட நாடகம், நயவஞ்சகம் ஆகிய சொற்கள் பொருள் வேறுபாடு எதுவுமின்றி மாறிமாறி வருகின்றன. இவற்றோடு உளவியலிலிருந்து வந்த 'புரொஜெக்‌ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லும் நம்மவர் பேச்சில் புகுந்திருக்கிறது. தன் குற்றத்தை எதிராளியிடம் காண்பது என்று அதற்குப் பொருள் கொள்வோர், அதுவும் 'ஹிப்போகிரசி' என்பதும் ஒன்றே என்று எண்ணிவிடுகின்றனர். முதலாவது ஒருவர் மனத்துக்குள் அவரே அறியாமல் நடப்பதைக் குறிக்கிறது. இரண்டாவது அவருடைய சொல்லுக்கும் நடத்தைக்கும் இடையிலுள்ள, பிறர் சோதித்தறியக்கூடிய முரணைக் குறிக்கிறது. இவ்விரண்டையும் கலந்துவிடும் விமர்சனம், மெய்ப்பிக்க முடியாததை மெய்ப்பித்ததாகக் காட்டவும், மெய்ப்பிக்கக் கூடியதை மெய்ப்பிக்காமல் தப்பவும் இடங்கொடுக்கிறது.

'ஹிப்போகிரசி' என்னும் சொல்லின் வேர் கிரேக்க நாடக மேடையில் இருக்கிறது. 'ஹிப்போகிரிட்டெஸ்' என்றால் அங்கே நடிகர் என்பதே பொருள். முகமூடி அணிந்து இன்னொருவராகத் தோன்றும் தொழிலைச் செய்பவரைக் குறித்த அச்சொல்லில் முதலில் பழி எதுவும் இருக்கவில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரின் பேச்சாளர் டெமொஸ்தெனிஸ், தம் அரசியல் எதிரியான ஈஸ்கினிஸ் முன்னர் நடிகராக இருந்தவர் என்பதைச் சுட்டிச் சுட்டி இகழ்ந்தார். மேடைச் சொல் அரசியல் வசையோடு நெருங்கியதற்கு அது பழைய சான்று. ஆயினும் உள்ளொன்றும் புறமொன்றுமாய் வாழ்பவர் என்ற இன்றைய பொருள் நிலைபெற்றது, கிரேக்க மொழியில் எழுதப்பட்ட நற்செய்தி நூல்கள் யூத சமயப் பிரிவினரான பரிசேயரைக் கண்டிக்க அச்சொல்லை எடுத்தாண்ட பின்னரே ஆகும். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு அதனை 'மாயக்காரர்' என்று தந்தது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு 'வெளிவேடக்காரர்' என்று தந்தது. மாயம் என்ற சொல் மந்திரத்தையும் தோற்ற மயக்கத்தையும் உடன் அழைத்து வருவதால், பிந்தைய தெரிவே பொருத்தமானது என்று கருதுகிறேன். வேடம் என்பது கிரேக்கச் சொல்லின் முகமூடியையும் நினைவூட்டுகிறது.

தமிழில் இக்கருத்துக்குப் புதுச்சொல் தேடவேண்டிய தேவை இருந்ததே இல்லை. திருக்குறளில் 'கூடாவொழுக்கம்' என ஓர் அதிகாரமே இருக்கிறது. 'வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம் பூதங்கள் ஐந்தும் அகத்தே நகும்' என்று தொடங்கும் அந்த அதிகாரம், துறவுக் கோலம் பூண்டு அதற்குப் பொருந்தாத வாழ்க்கை நடத்துவோரைப் பற்றியது. படிறு என்றால் வஞ்சனை, பொய். படிற்றொழுக்கம் என்ற தொடரில் கவனிக்க வேண்டியது 'ஒழுக்கம்' என்ற பகுதி: ஒரு முறை சொன்ன பொய்யை அது குறிக்கவில்லை, பொய்யையே நடத்தையாக்கிக் கொண்ட நிலையைக் குறிக்கிறது. இதனைவிட நுட்பமான சொல் வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இன்றைய நாளிதழ் வாசகர் அதனை உடனே விளங்கிக்கொள்வாரா என்பது ஐயமே.

கொழும்பின் தமிழ் பேசும் முஸ்லிம்கள் வழக்கில் மற்றொரு சொல் உயிரோடு இருக்கிறது. அரபுமொழிச் சொல்லான 'முனாபிக்' என்பது பேச்சில் அப்படியே வழங்க, குர்ஆன் மொழிபெயர்ப்புகளிலும் மார்க்க உரைகளிலும் அது 'நயவஞ்சகர்' என்று வருகிறது. அரபு அறிஞர் அச்சொல்லை, பாலைநிலத்து எலிவகை ஒன்று தன் வளைக்கு வைத்துக்கொள்ளும் மறைவான இரண்டாம் வாயிலோடு தொடர்புபடுத்துவர்: ஒரு வழியாக உள்ளே சென்று மறு வழியாக வெளியேறுபவர் என்பது கருத்து. பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மாறு செய்வான், நம்பி ஒப்படைத்தால் மோசம் செய்வான் என்று நயவஞ்சகனுக்கு மூன்று அடையாளங்கள் கூறும் நபிமொழி அச்சமூகத்தில் நன்கு அறியப்பட்டது. அரசியலுக்கு அந்த மூன்றும் வெகுவாகப் பொருந்துகின்றன. ஆனாலும் நயவஞ்சகம் என்பது ஒரு கூட்டத்தினுள் இருந்துகொண்டே அதற்குக் கேடு செய்வதை உணர்த்தும் கடுமையான சொல். தன் கொள்கைக்குத் தானே மாறாக நடக்கும் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் அதனைச் சூட்டுவது மிகை.

பாசாங்கு, நோயில்லாதவர் நோயாளியாகக் காட்டுவதையும் குறிக்கும் பரந்த சொல். போலி, 'போல்' என்ற வேரிலிருந்து வந்து ஒப்பாகத் தோன்றுவது எதனையும் குறிப்பது. போலி மருந்துக்கும் போலி நாணயத்துக்கும் அதுவே சொல். கபடம் வடமொழிவழி வந்தது, சூதைக் குறிப்பது. ஆகவே அரசியல் விமர்சனத்தில் 'ஹிப்போகிரசி' வரும் இடங்களில் வெளிவேடம் என்பதையும், கட்டுரையின் நடை இடங்கொடுத்தால் படிற்றொழுக்கம் என்பதையும் ஆளலாம். இரட்டை வேடம் பிழையன்று. ஆனால் ஒரே வேளையில் இரு தரப்பாருக்கு இரு முகம் காட்டுவதற்கு அதனை ஒதுக்கிவைப்பது நல்லது.

சொல்லைத் தெரிவு செய்வதைவிட அதன் எல்லையைக் காப்பது கடினம். கருத்து மாறுவது வெளிவேடம் ஆகாது. கொண்ட கொள்கையின்படி நடக்கும் வலிமை இல்லாமல் தவறி, அதனை ஒப்புக்கொள்வதும் வெளிவேடம் ஆகாது. தனக்கு இல்லாத நம்பிக்கை இருப்பதாகக் காட்டுவதும், பிறருக்கு விதிக்கும் அளவுகோலிலிருந்து தன்னை விலக்கிக்கொள்வதும், அவ்வாறு விலக்கியதை மறைப்பதுமே அச்சொல்லின் உட்பொருள்.

இலங்கை வரலாற்றில் இதனைச் சோதிக்கச் சான்றுகள் குறைவில்லை. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் பிரதேச சபைகள் குறித்து ஒப்பந்தம் செய்தபோது, எதிர்க்கட்சியாக இருந்த ஐக்கிய தேசியக் கட்சி நாடு பிளவுபடுகிறது என்று முழங்கியது; ஜே. ஆர். ஜயவர்த்தன அவ்வாண்டு ஒக்டோபரில் கண்டியை நோக்கி நடத்திய பாதயாத்திரை இம்புல்கொடையில் தடுக்கப்பட்டது. அதே ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர் டட்லி சேனாநாயக்க, 1965 மார்ச்சில் மாவட்ட சபைகள் குறித்து அதே செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். இம்முறை எதிர்த்தவர்கள் பண்டாரநாயக்கவின் கட்சியினர். அவர்களோடு இடதுசாரிகளும் சேர்ந்தனர். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, இரு மொழியென்றால் ஒரு நாடு, ஒரு மொழியென்றால் இரு நாடு என்று எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வாவின் லங்கா சமசமாஜக் கட்சி, தமிழ்மொழி உபயோக ஒழுங்குவிதிகளுக்கு எதிராக 1966 ஜனவரி 8ஆம் திகதி கொழும்பில் நடந்த ஊர்வலத்தில் பங்கேற்றது. அன்று பொலிஸார் சுட்டதில் ஒரு பிக்கு உயிரிழந்தார், அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டது. இருக்கை மாறியதும் கொள்கை மாறியது என்பதைத் தவிர வேறு காரணத்தை அக்கட்சிகளின் பேச்சுகளிலிருந்து எடுத்துக்காட்டுவது கடினம். இங்கே வெளிவேடம் என்று எழுதுவதற்குத் தயங்கத் தேவையில்லை.

அண்மைய சான்று இன்னும் தெளிவானது. 2010 ஏப்ரலில் தெரிவான பாராளுமன்றம், அவ்வாண்டு செப்டெம்பரில் ஜனாதிபதியின் பதவிக்கால வரம்பை நீக்கிய 18ஆவது திருத்தத்தை 161 வாக்குகளால் நிறைவேற்றியது. அந்த வரம்பை மீட்ட 19ஆவது திருத்தத்தை 2015 ஏப்ரலில் நிறைவேற்றியதும் அதே பாராளுமன்றமே. 2020இல் தெரிவான பாராளுமன்றம் ஜனாதிபதிக்கு அதிகாரங்களைத் திருப்பிக் கொடுத்த 20ஆவது திருத்தத்தை அவ்வாண்டு ஒக்டோபரில் 156 வாக்குகளாலும், அவற்றில் பலவற்றைக் குறைத்த 21ஆவது திருத்தத்தை 2022 ஒக்டோபரில் 179 வாக்குகளாலும் நிறைவேற்றியது. 225 ஆசனங்களில் இந்த எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், குறைந்தது நூறு பேராவது இரண்டுக்கும் கையுயர்த்தியிருக்க வேண்டும். இவர்களுள் பொருளாதார வீழ்ச்சியையும் மக்கள் எழுச்சியையும் கண்டு உண்மையாகவே மனம் மாறியவர்களும் இருக்கலாம். அவர்கள் எவரென அறிய வழி ஒன்றுண்டு: முன்னைய வாக்கு தவறு என்று தாமே கூறியவர்களை ஒருபுறமும், முன்னைய வாக்கையே நினைவூட்டாமல் சனநாயகக் காவலர்களாய்ப் பேசியவர்களை மறுபுறமும் வைத்துப் பார்ப்பது. அந்த வேலையைச் செய்யாமல் அனைவரையும் ஒரே சொல்லால் அடிப்பது விமர்சனம் ஆகாது.

தெற்கின் கட்சிகளை அளந்த அதே கோலை நம் பக்கமும் கொண்டுவர வேண்டும். இதனைச் செய்யாத தமிழ் விமர்சகர் எவரும் வெளிவேடம் என்ற சொல்லை எழுதும் உரிமையைப் பாதி இழந்துவிடுகிறார். 1948இல் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் டி. எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்ததைத் துரோகம் என்று கண்டித்துப் பிரிந்தவர்கள் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். 1965இல் அக்கட்சி அரசாங்கத்தில் பங்காளியானது, மு. திருச்செல்வம் செனற் சபை வழியாக உள்ளூராட்சி அமைச்சரானார். தெரிவான உறுப்பினர் எவரும் பதவி ஏற்கவில்லை, எழுதிய ஒப்பந்தம் ஒன்றை நிறைவேற்றுவிக்கவே ஒருவர் அனுப்பப்பட்டார், 1968இல் அவர் விலகியும் விட்டார் என்பன கட்சியின் தரப்பில் சொல்லத்தக்க நியாயங்கள். அவற்றை நான் வலுவற்றவை என்று சொல்லவில்லை. ஆனால் 1948இன் முடிவுக்கும் ஒரு நியாயம் கூறப்பட்டது. அதனைக் கேட்க மறுத்தவர்கள் தம்முடையதைக் கேட்கும்படி பிறரை வேண்டினார்கள். வெளிவேடமா என்ற கேள்வி இங்கே நியாயமாகவே எழுகிறது, விடை 1956ஐயும் 1966ஐயும் போல எளிதாக வருவதில்லை.

இனி மற்றச் சொல். 'புரொஜெக்‌ஷன்' இலத்தீனில் முன்னே எறிதல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. நிலப்படக் கலையிலும் திரைப்படக் கருவியிலும் வழங்கும் அச்சொல்லுக்கு உளவியற் பொருள் தந்தவர் சிக்மண்ட் பிராய்ட். 1895இல் தம் நண்பர் பிளீஸுக்கு அனுப்பிய குறிப்பொன்றில் சந்தேக நோயை விளக்க அதனைப் பயன்படுத்தினார். 1911இல் ஷ்ரேபர் என்ற ஜெர்மன் நீதிபதியின் நோயைப் பற்றி எழுதியபோது, 'நான் அவனை வெறுக்கிறேன்' என்ற தாங்கமுடியாத உணர்வு 'அவன் என்னை வெறுக்கிறான்' என்று உருமாறுவதை விரித்துரைத்தார். தாங்க முடியாததை வெளியே தள்ளி, அது வெளியிலிருந்து வருவதாக நம்புவதே இதன் சாரம். நம்புவது என்பது இன்றியமையாதது. வெளிவேடக்காரருக்குத் தம் முகமூடி தெரியும். புரொஜெக்‌ஷன், அதாவது புறத்தேற்றம், செய்பவருக்குத் தெரியாது. 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்ற பழமொழி அந்த அறியாமையையே சொல்கிறது. 'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்பதோ வெளிவேடத்துக்கு உரியது.

தமிழில் இதற்கு, கல்வி உளவியல் நூல்களில் பயிலும் 'புறத்தேற்று' என்ற ஆட்சியை ஒட்டிப் 'புறத்தேற்றம்' என்பதே ஏற்றது. புறம், ஏற்றுதல் என்ற இரண்டு பகுதிகளும் எவருக்கும் விளங்கும். சுமை ஒன்றை மற்றவர்மேல் ஏற்றுவதை அது கண்முன் நிறுத்துகிறது. எறிதலை ஒட்டிய சொற்கள் கணிதத்துக்கும் நிலப்படத்துக்கும் உரியனவாக நிலைத்துவிட்டமையால் அவற்றை இங்கே கொண்டுவருவது குழப்பத்தையே தரும்.

எதிராளி செய்யாததை அவர் செய்ததாகத் தெரிந்தே சொல்வது புறத்தேற்றம் ஆகாது. ருவாண்டாவில் 1994இன் படுகொலைகளுக்குப் பின் கண்டெடுக்கப்பட்ட பரப்புரைக் குறிப்பொன்று, தாம் செய்யப்போவதை எதிரி செய்யப்போவதாகக் குற்றஞ்சாட்டும் உத்தியைக் 'கண்ணாடிக் குற்றச்சாட்டு' என்று பெயரிட்டே விளக்கியது. அது திட்டமிட்ட பொய். அதனை உளவியற் பெயரால் அழைப்பது, கொலைக்கு வழிசெய்தவர்களை நோயாளிகளாக்கிப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகும். மறுபுறம், எவ்வித நடிப்பும் நோயும் இன்றியே கட்சிப்பற்று கண்ணை மாற்றிவிடுவதும் உண்டு. 1951இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த முரட்டுத்தனமான அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் படத்தை இரு பக்க மாணவர்க்கும் காட்டியபோது, டார்ட்மத் அணி செய்த விதிமீறல்கள் பிரின்ஸ்டன் மாணவரின் கணக்கில் டார்ட்மத் மாணவரின் கணக்கைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தன. இதற்குப் பக்கச்சார்பு என்ற பழகிய சொல்லே போதும்.

ஆகவே அரசியல்வாதி ஒருவரின் பேச்சைப் புறத்தேற்றம் என்று பத்தியில் எழுதுவதை நான் பெரும்பாலும் ஏற்பதில்லை. அவர் மனத்தை எவரும் திறந்து பார்த்ததில்லை. மறுத்தால் மறுப்பே நோயின் அடையாளம் என்று சொல்லிவிடலாம். இத்தகைய குற்றச்சாட்டுக்கு விடையே கிடையாது. மேலும், குற்றஞ்சாட்டுபவர் தாமும் குற்றவாளி என்பதால் குற்றச்சாட்டு பொய்யாகிவிடாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சியே எதிர்க்கட்சியாகி அச்சட்டத்தின் கொடுமையைப் பேசினால், 'நீங்கள் மட்டும் திறமோ?' என்று கேட்டு வாயடைப்பது எளிது. விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டிருப்பவருக்கு அக்கேள்வியால் ஒரு பயனும் இல்லை. முதலில் குற்றச்சாட்டை ஆராய வேண்டும், அதன் பின்னரே குற்றஞ்சாட்டியவரை.

கொழும்பில் சிங்களச் செய்திகளைத் தமிழாக்குவோருக்கு மேலும் ஓர் இடர் இருக்கிறது. பாளி, வடமொழி வழிவந்த 'குஹக' என்ற சிங்களச் சொல் வெளிவேடக்காரரைக் குறிப்பது. 'குஹககம' அதன் பண்புப்பெயர். ஆனால் இன்றைய சிங்களப் பேச்சில் அச்சொல் பிறர் நலம் பொறுக்காத சிறுமையையும் அடிக்கடி குறிக்கிறது. பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எதிரணியின் 'குஹககம' என்று சொன்னால், அபிவிருத்தித் திட்டமொன்றைத் தடுப்பதைப் பற்றிப் பேசும் இடத்தில் அது பெரும்பாலும் பொறாமை அல்லது எரிச்சல் ஆகும். முன்னைய வாக்குறுதியைச் சுட்டிப் பேசும் இடத்தில்தான் வெளிவேடம் ஆகும். முன்பின் வாக்கியங்களைப் படிக்காமல் எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டால், பேசியவர் சுமத்தாத குற்றம் மறுநாள் தமிழ்த் தலைப்புச் செய்தியில் சுமத்தப்பட்டதாக வந்துவிடும்.