பதில் வந்தது, கேட்டது வந்ததா?

மொரிஷியஸில் ஒரு கோவிலின் இணையப் பக்கம், தைப்பூசக் காவடி நேர அட்டவணையை ஃபெட்ச் (சர்வரிடம் தரவு கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை) வழியாக சர்வரிடமிருந்து எடுத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரோ கோப்பின் பெயரை மாற்றிவிட்டார்கள். சர்வர் 404, அதாவது ‘கேட்டது இங்கே இல்லை’ என்ற நிலைக் குறியீட்டைத் தருகிறது. ஆனால் ஸ்கிரிப்ட் அதைப் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை.

சர்வரிடமிருந்து பதிலின் தலைப்பு வரிகள் வந்து சேர்ந்தாலே ஃபெட்சின் ப்ராமிஸ் (முடிவு பிறகு வரும் என்று அது தரும் வாக்குறுதி) நிறைவேறிவிடும். 404, சர்வர் கோளாறைச் சொல்லும் 500 எல்லாமே அதன் கணக்கில் முறையான பதில்கள்தான். அடுத்த வரி, வந்த எச்டிஎம்எல் பிழைப் பக்கத்தை ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) என்று நம்பிப் பிரிக்கப் போய் முதல் ‘<’ குறியிலேயே தடுக்கி விழுகிறது. எழுதியவர் ஜேசன் கோப்பில் விட்டுப்போன காற்புள்ளியைத் தேடுவார். கோளாறோ முகவரியில் இருக்கும்.

ஆகவே ஜேசனைப் பிரிக்குமுன் ஃபெட்ச் தரும் பதிலான ரெஸ்பான்ஸின் ‘ஓகே’ பண்பைப் பாருங்கள். குறியீடு 200 முதல் 299 வரை இருந்தால் மட்டுமே அது உண்மை. இல்லையென்றால் எண்ணையும் சேர்த்து நீங்களே ஒரு பிழையை எறியுங்கள். ஸ்கிரிப்டில் பிழைகளைக் கையாளும் கேட்ச் பகுதி அதைப் பிடித்துக்கொள்ளும். 200தானா என்று மட்டும் ஒப்பிடுவது தவறு: 201, 204 இரண்டும் வெற்றிதான். 204க்கு உள்ளடக்கமே கிடையாது. அதை ஜேசனாகப் பிரிக்கவே கூடாது.

‘ஓகே’யும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. உள்நுழைவுக் காலம் முடிந்ததும் சில சர்வர்கள் 302 தந்து லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். பிரவுசர் தானே பின்தொடர்ந்து போவதால் ஸ்கிரிப்டுக்குக் கடைசியில் வந்த 200 மட்டுமே தெரியும். திருப்பிவிடப்பட்டதா என்று சொல்லும் ‘ரீடைரக்டட்’ பண்பையும், வந்தது எந்த வகை உள்ளடக்கம் என்று சொல்லும் கன்டென்ட்-டைப் தலைப்பையும் சேர்த்துப் பார்த்தால் பிடிபடும்.

தைப்பூசம் வருவது புயல் பருவத்தில். இணைப்பு அறுந்தால் குறியீடே வராது; ப்ராமிஸ் டைப்எரர் பிழையோடு முறியும். ஃபெட்சுக்கு முந்தைய வழியான பழைய எக்ஸ்எம்எல்எச்டிடிபிரெக்வஸ்டில் எண் 0 என்றிருக்கும். கார்ஸ் தடையும் (வேறு தளத்தின் பதிலை அனுமதியில்லாமல் படிக்கவிடாத பிரவுசர் விதி) ஸ்கிரிப்டுக்கு இதே மாதிரிதான் தெரியும்; வேறுபாட்டை பிரவுசரின் கன்சோலில்தான் பார்க்க முடியும்.

இணைப்பு அறுந்தாலும், சர்வர் தற்போதைக்குச் சேவை தர முடியாது என்னும் 503 வந்தாலும் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கலாம். அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள் என்னும் 429 வந்தால் ரீட்ரை-ஆஃப்டர் தலைப்பு சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். 404க்கு மறுமுயற்சி வீண்.

குறியீட்டோடு வரும் சொல் விளக்கமான ஸ்டேட்டஸ்டெக்ஸ்டை வாசகருக்குக் காட்டாதீர்கள். பிரவுசரும் சர்வரும் பேசும் நெறிமுறையின் புதிய பதிப்பான எச்டிடிபி 2இல் அது வெறுமையாகவே வரும். எண்ணைப் பார்த்துச் செய்தியை நீங்களே எழுதுங்கள். மொரிஷியஸில் அதைக் கிரியோலிலும் எழுதினால்தான் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு உடனே புரியும்.