ஒரு பேணி தவிடும் ஒரு பேணி சோளமும் ஒன்றல்ல

திருகோணமலை உப்புவெளியில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் மட்டக்குதிரை ஒன்று வளர்க்கிறார். காலையும் மாலையும் பால்மாப் பேணியால் இரண்டிரண்டு பேணி கோதுமைத் தவிடு, மற்ற நேரமெல்லாம் புல். போன மாரியில் தவிடு கிடைக்காமல் போக, சோளம் வாங்கிவந்து அதே இரண்டு பேணியைப் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் குதிரை நிலத்தில் உருண்டு புரண்டு, தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. மருத்துவர் வந்து காப்பாற்றிவிட்டார். "தம்பி, நான் கூட்டிப் போடேல்லையே, அதே அளவுதானே?" என்று அண்ணை கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. பேணி எதை அளக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பேணி அளப்பது இடத்தை. அந்த இடத்தில் தீவனமும் இருக்கும், காற்றும் இருக்கும். ஒரே அளவான உருண்டை மணிகளைக்கூட ஒரு பாத்திரத்தில் கொட்டி எவ்வளவு குலுக்கினாலும், ஒழுங்கில்லாமல் கிடக்கும்வரை 100இல் 64 பங்கு இடத்துக்கு மேல் நிரம்பாது. மிச்சம் காற்று. தவிடு மெல்லிய செதில், ஒன்றின்மேல் ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கும், அதனால் காற்று இன்னும் அதிகம். ஓட்ஸ் மணிக்கு மேலே உமி உண்டு. சோளம் கனத்த மணி, நெருங்கி உட்காரும். ஆகவே ஒரு லீற்றர் பாத்திரத்தில் கோதுமைத் தவிடு ஏறக்குறைய 200 முதல் 250 கிராம், ஓட்ஸ் 450 முதல் 500, சோளம் 700க்கு மேல். ஒரே பேணி, மூன்று மடங்கு வித்தியாசம்!

இது நமக்குப் புதிதும் இல்லை. புசல் என்பது ஆதியில் ஒரு கொள்ளளவுதான். ஆனால் வியாபாரத்தில் அது எடையாகிவிட்டது, அதுவும் பொருளுக்குப் பொருள் வேறு எடை: நம் நெல் புசல் 46 இறாத்தல், கிட்டத்தட்ட 21 கிலோ. அமெரிக்கத் தானியச் சந்தையில் ஓட்ஸ் புசல் 32 இறாத்தல், சோளம் 56, கோதுமை 60. வீட்டில் சுண்டால் அரிசி அளந்து போடுவது ஏன் பிழைப்பதில்லை என்றால், நேற்றும் இன்றும் அது அரிசிதான். பொருள் மாறினால் சுண்டும் பொய் சொல்லும்.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு, குதிரைக்கோ அந்தப் பெரிய உடம்புக்குள் 8 முதல் 15 லீற்றர் மட்டுமே கொள்ளும் ஒரு சிறிய இரைப்பை (மட்டக்குதிரைக்கு அதிலும் குறைவு), அதனால் ஒரே வேளையில் கனமாகக் கொடுத்தால் உணவு சரியாகச் செரிக்காமலே முன்னால் தள்ளப்படும். பொதுவாகச் சொல்லும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு வேளையில் 1 கிராம் மாப்பொருள். 250 கிலோ மட்டக்குதிரைக்கு 250 கிராம். பேணி ஏறக்குறைய ஒரு லீற்றர் என்று வைத்தால், இரண்டு பேணி தவிட்டில் மாப்பொருள் சுமார் 100 கிராம்தான் இருந்தது. இரண்டு பேணி சோளத்தில் ஏறக்குறைய 1 கிலோ. போதாததற்கு, வேகவைக்காத சோளத்தின் மாப்பொருள் ஓட்ஸ் போலச் சிறுகுடலில் எளிதாகச் செரிப்பதில்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே பற்றீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து இலற்றிக் அமிலத்தை உண்டாக்குகின்றன, புல்லைச் செரிக்க உதவும் நல்ல நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் சாகின்றன. விளைவு வயிற்றுக்குத்து, சிலவேளை குளம்புக்குள் அழற்சி ஏற்பட்டு குதிரை நடக்கவே முடியாமல் போகும். தீவனத்தைத் திடீரென்று மாற்றியதும் ஒரு காரணம், அதையும் சொல்லவேண்டும். சரியான எடையில் கொடுத்தாலும் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றவேண்டும்.

அதற்காகத் தினமும் தராசோடு நிற்கத் தேவையில்லை. சமையலறைத் தராசில் வெறும் பேணியை வைத்துப் பூச்சியமாக்கி, தீவனத்தை நிரப்பி நிறுத்து, அந்த எடையைப் பேணியிலேயே எழுதிவிடுங்கள். தீவனத்துக்கு ஒரு பேணி. புது மூடை பிரிக்கும்போதெல்லாம் மறுபடி நிறுக்கவேண்டும், ஏனென்றால் சீனக்குடாவில் பிரிமா ஆலை அரைக்கும் கோதுமையின் தவிடும் ஊர் நெல் ஆலைத் தவிடும் ஒரே கனமில்லை. காய்ந்த புல்லுக்கு, சாக்கில் கட்டித் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு போதும். "ஒரு கட்டு" என்பது கட்டுகிறவரின் கையைப் பொறுத்தது.

எடையிலும் ஒரு சிக்கல் உண்டு: தண்ணீரும் எடைதான். 12 சதவீத ஈரப்பதமுள்ள ஒரு கிலோ சோளத்தில் உலர் பொருள் 880 கிராம், 16 சதவீதமானால் 840. கடலோரத்தில் மாரி மாதங்களில் மூடையைத் திறந்தே வைத்தால் ஈரம் ஏறத்தான் செய்யும், அப்புறம் பூஞ்சணம். பூஞ்சணம் பிடித்த சோளத்தில் குதிரையின் மூளையையே அழிக்கும் நஞ்சு உண்டாகலாம். அந்த மூடையை நிறுக்க வேண்டாம், புதைத்துவிடுங்கள்.