ஹெட்லெஸ்ஸுக்கு மாறலாமா? மலையில் விடுதி, கடை, பள்ளி நடத்துவோர் கையெழுத்துப் போடும் முன்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் ஹோம்ஸ்டே, தேயிலைக் கடை, பள்ளி நடத்துகிறவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதும் அதைப் பராமரிப்பதும்தான் என் தொழில். இப்போதெல்லாம் திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் வருகிறது. "வேர்ட்பிரஸ் பழசாயிடுச்சாம், ஹெட்லெஸ்தான் வேகமாம், மாத்திடலாமா தம்பி?" கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு கொட்டேஷன் வந்திருக்கும். பெரும்பாலானவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். சிலரிடம் கட்டாயம் மாறுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். யாருக்கு எது என்பதைப் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் அதிகமாக இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். வெப்சைட்டை நிர்வகிக்கும் மென்பொருளில் (சிஎம்எஸ்) இரண்டு வகை. 2003-ல் வந்த வேர்ட்பிரஸ் பழைய வகை. நீங்கள் எழுதும் இடம், எழுதியதைச் சேமிக்கும் டேட்டாபேஸ், பார்வையாளருக்குப் பக்கத்தைக் காட்டும் தீம் மூன்றும் அதில் ஒன்றாகவே இருக்கும். சொந்த ஃபேக்டரி வைத்திருக்கும் எஸ்டேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பறித்த இலை அங்கேயே தூளாகி, அங்கேயே பாக்கெட்டாகி வெளியே போகும். ஹெட்லெஸ் என்பது பச்சைத்தேயிலையை மட்டும் விற்கும் சிறு விவசாயி. எந்த ஃபேக்டரிக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால் தூளாக்க இன்னொருவர் வேண்டும். ஸ்ட்ராபி, கன்டென்ட்ஃபுல், சானிட்டி எல்லாம் இந்த வகை. எழுத்தையும் படத்தையும் வைத்துக்கொண்டு ஏபிஐ வழியாக, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் விவரம் கேட்டு வாங்கும் வழியாக, தருவதோடு அவற்றின் வேலை முடிந்தது. மக்கள் பார்க்கும் பக்கத்தை நெக்ஸ்ட் ஜேஎஸ், ஆஸ்ட்ரோ போன்ற கருவி ஒன்றில் டெவலப்பர் தனியாகக் கட்ட வேண்டும்.

கொட்டேஷனில் முதலில் இருப்பது வேகம். ஹெட்லெஸ் சைட்டில் பெரும்பாலும் பக்கங்களை முன்கூட்டியே கட்டி வைத்துவிடுவார்கள், அதனால் வேகமாகத் திறக்கும் என்பது உண்மைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு சிக்னல் போய் வரும் நம் ரோட்டில் அது பெரிய விஷயம். ஆனால் பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஒரு சாதாரண கேஷ் (cache) பிளகின், அதாவது கூடுதல் வசதிக்கான சின்ன மென்பொருள், போட்டாலே வேர்ட்பிரஸும் அதே போலக் கட்டி வைத்த பக்கத்தைத்தான் கொடுக்கும். என்னிடம் "சைட் ஸ்லோ" என்று வந்தவற்றைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்: போனில் எடுத்துச் சுருக்காமலே ஏற்றிய படங்கள், தேவையில்லாத பிளகின்கள், முகப்பில் ஓடும் ஸ்லைடர். இவற்றைச் சரிசெய்யாமல் ஹெட்லெஸ்ஸுக்குப் போனால் அங்கேயும் அதே பாரத்தைத்தான் ஏற்றப் போகிறோம். சரிசெய்துவிட்டாலோ, மாற வேண்டிய அவசியமே பலருக்கு இருக்காது.

வேகத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. சைட்டில் உள்ளதை மாற்றப்போவது யார், எதிலிருந்து, எவ்வளவு அவசரத்தில்?

இ-பாஸ் வந்த சமயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. இரண்டுமே சீசன் நேரம். அறை புக் செய்தவர்களுக்கு உடனே சொல்லியாக வேண்டும். குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்தும் ஓர் அக்கா அதற்கு முன்புதான் வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் ஹெட்லெஸ் சைட் வாங்கியிருந்தார். அறிவிப்பை மாற்றிவிட்டு எனக்குப் போன் செய்தார். "தம்பி, நான் மாத்தி சேவ் பண்ணிட்டேன். உள்ளே பாத்தா புதுசு இருக்கு, வெளியே பாத்தா பழசே நிக்குது."

இந்த வகை சைட்டில் நீங்கள் சேவ் செய்ததும் பக்கங்கள் எல்லாம் மறுபடி கட்டப்பட வேண்டும். அதைத்தான் பில்ட் என்கிறார்கள். அக்கா புது அறிவிப்பில் படம் போடவில்லை. படம் கட்டாயம் இருக்கும் என்று நினைத்துக் கோட் எழுதியிருந்தார்கள். படம் இல்லாததால் பில்ட் பாதியில் நின்றுவிட்டது. பில்ட் நின்றால் சைட் விழாது, பழைய பக்கமே தொடர்ந்து ஓடும். பார்ப்பவருக்கு எந்தக் கோளாறும் தெரியாது. பிழைச் செய்தி போனதோ டெவலப்பரின் மெயிலுக்கு, அன்று ஞாயிற்றுக்கிழமை. வேர்ட்பிரஸில் இதே அறிவிப்பு படமில்லாமல் வெளியாகியிருக்கும், அவ்வளவுதான். நல்ல டெவலப்பர் ஹெட்லெஸ்ஸிலும் இதைத் தடுக்க முடியும். படம் இல்லாமல் சேவ் ஆகாதபடி செய்யலாம், பில்ட் நின்றால் உரிமையாளருக்கே தகவல் போகும்படி வைக்கலாம். ஆனால் அதைத் தனியாகச் செய்தாக வேண்டும், செய்யும்படி கேட்டாக வேண்டும்.

இப்படித் தனியாகச் செய்ய வேண்டியவை ஹெட்லெஸ்ஸில் நிறைய. வெளியாகும் முன் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் பிரிவியூ, விசாரணைப் படிவம், தேடல், கூகுளுக்குப் பக்கங்களின் பட்டியலைத் தரும் சைட்மேப் எல்லாமே அந்தக் கணக்கில் வரும். வேர்ட்பிரஸில் படிவத்துக்கு ஒரு பிளகின் போதும், மற்றவை கூடவே வருகின்றன. பல ஆசிரியர்கள் எழுதும் கொடைக்கானல் பள்ளி ஒன்றுக்கு நான் வேர்ட்பிரஸையே பரிந்துரைத்ததற்கு இதுதான் காரணம். ஆசிரியர் எழுதுவார், அலுவலகத்தில் ஒருவர் சரிபார்த்து வெளியிடுவார். அந்த அனுமதி முறை போட்டவுடன் கிடைக்கிறது.

தமிழில் சைட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு அப்படியே பக்க முகவரியாகிவிடும். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 ஆங்கிலக் குறிகளாக விரியும். முகவரிக்கு ஒதுக்கிய இடமோ அப்படிப்பட்ட 200 குறிகளுக்குத்தான். புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாமே தனித்தனிக் குறி என்பதால் சுமார் 22 தமிழ்க் குறிகளோடு முகவரி முறிந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் பெரும்பாலும் சதவீதக் குறிகளும் (%) எண்களுமாக நீண்டு கிடக்கும். முகவரியை மட்டும் கையால் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஹெட்லெஸ்ஸிலும் சில அமைப்புகள் முகவரியில் தமிழை ஏற்பதே இல்லை. ஆனால் தமிழ், ஆங்கிலம், மலையாளம் என்று பல மொழியில் ஒரே விவரத்தை வைத்துக்கொள்வதில் ஹெட்லெஸ்ஸின் கை ஓங்கித்தான் இருக்கிறது. வேர்ட்பிரஸுக்கு அதற்கெனத் தனி பிளகின் வேண்டும்.

அப்படியானால் யார் மாறலாம்? கோத்தகிரிப் பக்கம் தேன், மிளகு விற்கும் ஒரு குழுவுக்கு மாறச் சொன்னேன். அவர்களின் பொருள் விவரம் வெப்சைட்டில் மட்டும் இல்லை. பாக்கெட்டின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் திறக்கும் பக்கம், கடைத் திரை, ஆர்டர் எடுக்கும் ஆப் எல்லாவற்றிலும் அதே விவரம், இரண்டு மொழியில். ஒரு தேனின் விலை மாறினால் நான்கு இடத்தில் திருத்திக்கொண்டிருந்தார்கள், ஏதாவது ஓர் இடம் விட்டுப்போகும். ஒரே இடத்தில் மாற்றி எல்லா இடத்துக்கும் போவதற்குத்தான் ஹெட்லெஸ் உருவானது. அதோடு கணினி தெரிந்த ஒரு பெண் அங்கே முழுநேர வேலையில் இருக்கிறார். அவர் இல்லையென்றால் யோசித்திருப்பேன்.

ஏனென்றால் பராமரிப்பு இரண்டிலும் உண்டு, வகைதான் வேறு. வேர்ட்பிரஸில் அப்டேட் செய்யாத பிளகின் வழியாகத்தான் பெரும்பாலும் ஹேக் நடக்கிறது. மாதம் ஒருமுறையாவது யாராவது பார்க்க வேண்டும், பேக்கப் வேண்டும். ஹெட்லெஸ்ஸில் மக்கள் பார்க்கும் முன்பக்கம் பாதுகாப்பானது, ஆனால் அடியில் உள்ள கருவிகள் வேகமாக மாறுகின்றன. ஸ்ட்ராபி 3-லிருந்து 4-க்குப் போக கோட், டேட்டா இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. முன்பக்கத்துக்குப் பிரபலமாக இருந்த கேட்ஸ்பியை 2023-ல் நெட்லிஃபை என்ற நிறுவனம் வாங்கிய பிறகு அதன் வளர்ச்சி மந்தமாகிவிட்டது. அதை நம்பிக் கட்டியவர்கள் திரும்பக் கட்ட வேண்டிய நிலை.

அப்புறம் சாவிகள். வேர்ட்பிரஸ் என்றால் டொமைன், ஹோஸ்டிங், அட்மின் லாகின் மூன்று போதும். ஹெட்லெஸ் என்றால் கோட் இருக்கும் கிட் கணக்கு, முன்பக்க ஹோஸ்டிங், சிஎம்எஸ் கணக்கு, படச் சேவை, படிவச் சேவை என்று நீளும். சிலவற்றுக்கு டாலரில் மாத பில். டெவலப்பரின் சொந்த மெயிலில் இவற்றைத் தொடங்கிவிட்டு அவர் வேலை மாறிப் போனபின் வழி தெரியாமல் நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. எந்த வகை எடுத்தாலும் எல்லாக் கணக்கும் உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் இருக்கட்டும்.

இன்று வேர்ட்பிரஸில் இருந்துகொண்டு, நாளை ஆப் வரலாம் என்று நினைப்பவர்கள் பயப்பட வேண்டாம். 2016-ல் வந்த 4.7 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸுக்குள் ஏபிஐ இருக்கிறது, அதையே ஹெட்லெஸ்ஸாகவும் ஓட்டலாம். அதற்கு அறை, வாடகை, பொருள், விலை எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் இருக்க வேண்டும். எலிமென்டர் போன்ற பேஜ் பில்டரில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு அடுக்கியிருந்தால் விலையும் டிசைனும் ஒன்றாகக் கலந்து கிடக்கும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. இப்போதே தனிக் கட்டங்களுக்கு மாற்றச் சொல்லுங்கள். இது ஹெட்லெஸ்ஸுக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான்.

கொட்டேஷன் கொடுத்தவரிடம் கையெழுத்துக்கு முன் ஒரு டெமோ கேளுங்கள். வைஃபை வேண்டாம், உங்கள் போனில், உங்கள் வீட்டில் கிடைக்கும் சிக்னலில் செய்யுங்கள். ஓர் அறையின் வாடகையை மாற்றி, படத்தை எடுத்துவிட்டு சேவ் செய்யுங்கள். இன்னொரு போனில் சைட்டைத் திறந்து, புது வாடகை வர எவ்வளவு நேரம் ஆகிறது, வராவிட்டால் யாருக்குத் தகவல் போகிறது என்று பாருங்கள். சீசனில் ஞாயிற்றுக்கிழமை அது நின்றுபோனால் போனை எடுக்கப்போவது யார் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.