சிடி வேஷம் போடும் வைஃபை டாங்கிள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மகளின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 21 இயங்குதளம் போட்டோம். உள்ளே இருந்த வைஃபை கார்டு செத்துவிட்டது. இருபது ரிங்கிட் சொச்சத்துக்கு ஒரு குட்டி டாங்கிள் வாங்கிச் செருகினால் வைஃபை வரவில்லை, திரையில் சிடி படம்தான் வருகிறது. ஏமாந்துவிட்டோமா?"

ஏமாறவில்லை. டாங்கிள் நன்றாகத்தான் இருக்கிறது, வேஷத்தைக் கலைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

யூ.எஸ்.பி துளையில் எதைச் செருகினாலும் முதலில் ஒரு விசாரணை நடக்கும். கணினி கேட்டதும் சாதனம் 18 பைட் நீளமுள்ள விவரச்சீட்டு ஒன்றை நீட்டும். தயாரிப்பாளர் எண்ணுக்கு இரண்டு பைட், பொருள் எண்ணுக்கு இரண்டு பைட். தான் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதையும் கூடவே சொல்லிவிடும். விசைப்பலகையும் மவுசும் 3-ஆம் வகுப்பு, பெண்டிரைவ் 8-ஆம் வகுப்பு. இந்த வகுப்புகளுக்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட பொதுவிதி உண்டு. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பெயர் தெரியாத பெண்டிரைவ்கூட எந்தக் கணினியிலும் ஓடுவது அதனால்தான். வைஃபை டாங்கிள்களோ பெரும்பாலும் 255 என்று சொல்லும். "என் வழி தனி வழி" என்று அதற்குப் பொருள். ஆகவே ஒவ்வொரு சில்லுக்கும் தனி டிரைவர், அதாவது அதை இயக்கத் தெரிந்த நிரல், வேண்டும்.

அந்த டிரைவரை வாங்கியவர் கையில் சேர்ப்பது எப்படி? முன்பெல்லாம் பெட்டிக்குள் ஒரு சின்ன சிடி வைத்தார்கள். பிறகு லேப்டாப்புகளில் சிடி தட்டே இல்லாமல் போனது. தயாரிப்பாளர்கள் சிடியையே டாங்கிளுக்குள் வைத்துவிட்டார்கள். 3ஜி காலத்தில் தோட்டப்புறங்களில் ஓடிய இணையக் குச்சிகள் பலவும் இதே வித்தையைச் செய்தவைதான். உள்ளே ஒரு சின்ன நினைவகம், அதில் விண்டோஸ் டிரைவர். செருகியவுடன் "நான் 8-ஆம் வகுப்பு, சிடி டிரைவ்" என்று பச்சைப் பொய் சொல்லும். விண்டோஸ் அந்தச் சிடியைத் திறந்து டிரைவரைப் போட்டுக்கொள்ளும். போட்ட டிரைவர் டாங்கிளிடம் "சரி, வேஷம் போதும்" என்று சொல்லும். லினக்ஸும் அந்தப் பொய்யை நம்பி, சிடி படத்தைக் காட்டி மரியாதையாக உட்கார்ந்துவிடுகிறது.

அந்த "வேஷம் போதும்" எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கென்று தனி இரகசிய மொழி எதுவும் கிடையாது. சிடி டிரைவுக்குக் கொடுக்கும் சாதாரணக் கட்டளையேதான்: தட்டை வெளியே தள்ளு! மொத்தம் 31 பைட் கொண்ட ஒரு பொட்டலம். அதன் முதல் நான்கு பைட்களை எழுத்தாகப் படித்தால் யூ, எஸ், பி, சி. கொஞ்சம் தள்ளி 1பி என்ற பைட் வரும் (இது பதினாறடிமான எண், விளக்கம் கீழே). வட்டைச் சுழற்று, நிறுத்து, வெளியே தள்ளு எல்லாவற்றுக்கும் அதுதான் எண். அதன்பின் நான்காவது பைட்டில் 2 இருந்தால் "தள்ளு" என்று அர்த்தம். தள்ளுவதற்கு டாங்கிளிடம் தட்டு ஏது? ஆனால் அந்தக் கட்டளை வந்ததும் உள்ளிருக்கும் நிரல் தன்னையே துண்டித்துக்கொள்கிறது. யூ.எஸ்.பி-யின் தகவல் கம்பி ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டுக்கு ஏற்றிப் பிடிப்பதுதான் "வந்துவிட்டேன்" என்று கை தூக்குவது. டாங்கிள் அந்தக் கையை இறக்கிவிடுகிறது. கணினி, யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்துப் பெயரை அடித்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கை உயர்கிறது. இந்த முறை பொருள் எண் வேறு, வகுப்பு 255. துளையிலிருந்து அசையாமலேயே ஒரு சாதனம் போய் இன்னொன்று வந்துவிட்டது. கூத்தில் ஒரே ஆள் திரைக்குப் பின்னால் போய் முடி மாற்றி வருவது போலத்தான்.

இதை உங்கள் மேசையிலேயே பார்க்கலாம். கீழே கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்யூஎஸ்பி' என்று ஒரே சொல்லாகத் தட்டினால் செருகியவை எல்லாம் வரிசையாக வரும். ரியல்டெக் நிறுவனத்தின் வைஃபை சில்லு வேஷத்தில் இருந்தால் பெரும்பாலும் 0பிடிஏ:1ஏ2பி என்ற எண்ணைக் காண்பீர்கள். இவை பதினாறடிமான எண்கள். 9-க்குப் பிறகு ஏ, பி, சி என எஃப் வரை போகும். 0பிடிஏ ரியல்டெக்கின் எண், 1ஏ2பி சிடி வேஷத்தின் எண்.

வேஷம் கலைக்கும் கருவியின் பெயர் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச். ஜோசுவா டீட்சே எழுதியது. சாஃப்ட்வேர் மேனேஜரில் அதே பெயரில் கிடைக்கும். அதற்கு இணையம் வேண்டுமே என்றால், கைப்பேசியைச் சார்ஜர் கம்பியால் லேப்டாப்பில் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் யூ.எஸ்.பி டெதரிங்கை அதில் திறந்துவிடுங்கள். லினக்ஸ் அதை ஒயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் கேட்காது. சார்ஜ் மட்டும் ஏற்றும் கம்பி உதவாது, தகவலும் போகிற கம்பியாகப் பாருங்கள். நிறுவிய பிறகு கட்டளை இது: சூடோ யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச் -வி 0பிடிஏ -பி 1ஏ2பி -கே. கடைசிக் 'கே' மட்டும் பெரிய எழுத்து. '-வி' வெண்டாரின் முதலெழுத்து, '-பி' புராடக்ட்டின் முதலெழுத்து. எண்களுக்குள் வரும் 'பி'யோ ஏ, பி, சி வரிசையில் இரண்டாவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிலர் 'சூடோ எஜெக்ட் /டெவ்/எஸ்ஆர்0' என்று குறுக்கு வழி சொல்வார்கள். அதுவும் அதே கட்டளையைத்தான் அனுப்புகிறது. ஆனால் பழைய லேப்டாப்பில் நிஜ டிவிடி டிரைவ் இருந்தால் எஸ்ஆர்0 என்பது அதன் பெயராக இருக்கும். நீங்கள் என்டர் தட்டியதும் பக்கவாட்டில் தட்டு நீளும், டாங்கிள் அப்படியே இருக்கும். அப்போது எஸ்ஆர்1 என்று மாற்றிப் பாருங்கள்.

வேஷம் கலைந்ததும் எல்எஸ்யூஎஸ்பி-யில் 0பிடிஏ:சி811 போல வேறு எண் வரும். அப்படியும் வைஃபை பட்டியல் வரவில்லையென்றால் லினக்ஸின் மையநிரலான கெர்னல் பழையதாக இருக்கலாம். 'யுனேம் -ஆர்' தட்டிப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். மின்ட் 21 வெளிவந்தது 5.15 கெர்னலுடன். இந்த வகை ரியல்டெக் யூ.எஸ்.பி சில்லுகளுக்கான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே வந்தது 6.2-இல், அதாவது 2023 பிப்ரவரியில். அப்டேட் மேனேஜரில் வியூ, அதற்குள் லினக்ஸ் கெர்னல்ஸ் போய் புதியதை நிறுவுங்கள். அல்லது 6.8 உடன் வெளிவந்த மின்ட் 22-க்கு மாறுங்கள். தனியாக டிரைவர் மூலநிரலை இறக்கித் தொகுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தொடங்கும்போதே நிரல்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இருந்தால் கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது, கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி தொகுக்கவும் வேண்டும்.

கணினியை அணைத்துப் போட்டால் டாங்கிள் மறுபடி சிடி ஆகிவிடும். மாறிய நிலையை அது நினைவில் வைப்பதில்லை. மோட்ஸ்விட்ச் புதிய பதிப்பாக இருந்தால் செருகியவுடன் தானே கலைத்துவிடும்.

ரியல்டெக் சில்லுகள் லினக்ஸில் ஓடுவதற்குப் பல ஆண்டுகள் உழைத்தவர் லாரி ஃபிங்கர். தொழிலால் படிகவியல் ஆய்வாளர். ஃபிங்கரைட் என்ற கனிமத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். 2024 ஜூனில் காலமானார். சில்லு விற்பவர்கள் செய்ய வேண்டிய வேலையைக் கனிமம் ஆராய்ந்த ஒருவர் சொந்த நேரத்தில் செய்ய வேண்டியிருந்தது. பள்ளிகளுக்குப் பொதுப் பணத்தில் கருவி வாங்கும்போது "டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறதா?" என்ற ஒரு வரியை டெண்டரில் சேர்த்தால் போதும், பாதித் தொல்லை தீரும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' தட்டி, சாஃப்ட் பிளாக் 'யெஸ்' என்றிருந்தால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்'. ஹார்ட் பிளாக் என்றால் லேப்டாப் ஓரத்திலுள்ள சுவிட்சைத் தேடுங்கள். பக்கத்து வீட்டு ரௌட்டர் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியாவிட்டால், அது 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கலாம்; நாடு தெரியாதபோது கணினி அந்தச் சேனல்களை ஒதுக்கிவிடக்கூடும். 'சூடோ ஐடபிள்யூ ரெக் செட் எம்ஒய்' என்று நாட்டைச் சொல்லுங்கள், எம்ஒய் பெரிய எழுத்தில். இணைப்பு வந்து வந்து அறுந்தால், நீல நிற யூ.எஸ்.பி 3 துளையைச் சந்தேகப்படுங்கள். அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் கசிவதை இன்டெல் 2012-லேயே எழுதிவிட்டது. அரை மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் போதும். ஆயுத பூஜையில் லேப்டாப்புக்குப் பொட்டு வைப்பது உங்கள் விருப்பம், ஆனால் துளைப் பக்கம் வேண்டாம். ஈரச் சந்தனம் காய்ந்து தொடுமுனையில் படிந்தால் மோட்ஸ்விட்ச்சால் ஒன்றும் செய்ய முடியாது.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லையென்றால் எல்எஸ்யூஎஸ்பி வரியையும் யுனேம் வரியையும் எழுதி அனுப்புங்கள். பெட்டியின் படம் வேண்டாம். ஒரே பெட்டி, ஒரே மாடல் பெயர், உள்ளே வேறு வேறு சில்லு என்பது இந்த வியாபாரத்தில் சகஜம்.