பரிணாமம் வளர்ச்சி அன்று

‘மனித இனம் தன் பரிணாம வளர்ச்சியின்போது வைட்டமின் சி-யை உருவாக்கும் திறனை இழந்தது.’ தமிழ் அறிவியல் கட்டுரைகளில் இந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. மற்றச் சொற்கள் கொஞ்சம் மாறும். ‘வளர்ச்சி’ மட்டும் மாறாது. வளர்ச்சியில் இழப்பு எங்கிருந்து வந்தது என்று எழுதியவரும் கேட்டுக்கொள்வதில்லை, பிழை திருத்துபவரும் கேட்பதில்லை. பரிணாமம் என்று எழுதியவுடன் கை தானாக வளர்ச்சி என்றும் எழுதிவிடுகிறது. இதை வெறும் நடைக் குறையாக விட்டுவிட முடியாது. மரபணுக்களின் வரலாற்றைத் தவறாகக் கற்பிக்கும் பிழை இது.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தின் ‘எவல்யூஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. சுருட்டி வைத்த ஏட்டை விரித்தல் என்பது மூலப்பொருள். 18-ஆம் நூற்றாண்டு உயிரியலாளர்கள், கருவுக்குள் முன்பே அடங்கியிருப்பதாக நம்பப்பட்ட உருவம் விரிவதை அச்சொல்லால் குறித்தார்கள். டார்வின் 1859-இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதற்பதிப்பில் அந்தப் பெயர்ச்சொல் இல்லை. அதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக நிற்கிறது. மாற்றங்களோடு வழிவழியாக வருதல் என்ற பொருள்படும் தொடரையே அவர் விரும்பினார். 1872-ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில்தான் ‘எவல்யூஷன்’ உள்ளே வந்தது. அச்சொல்லைப் பரப்பியதில் ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சருக்குப் பெரும் பங்கு உண்டு. எல்லாம் முன்னேறிக்கொண்டே போகும் என்பது அவருடைய தத்துவம். அந்த நிழல் ஆங்கிலச் சொல்லின் மீதும் விழுந்தது.

‘பரிணாமம்’ வடசொல். வளைதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, மாறுதல், முதிர்தல், ஒன்று வேறொன்றாக ஆதல் என்று பொருள்படுவது. பழைய இந்தியத் தத்துவப் பிரிவினரான சாங்கியர்கள் உலகத்தைப் பிரகிருதியின், அதாவது மூல இயற்கையின், பரிணாமம் என்றார்கள். பால் தயிராவது அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. கயிறு பாம்பாகத் தெரிவது போன்ற தோற்ற மயக்கத்துக்கு ‘விவர்த்தம்’ என்று வேறு சொல் இருந்தது. ஆகவே பரிணாமம் என்றால் உண்மையிலேயே நடக்கும் மாற்றம். பாலைவிடத் தயிர் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கருத்து எதுவும் இல்லை. உயிரியலுக்கு வேண்டியதும் இதுதான்.

பிறகு ஏன் வளர்ச்சி ஒட்டிக்கொண்டது? நம் மரபில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கிப் பார்க்கும் பழக்கம் ஆழமாக ஊறியிருப்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தொல்காப்பிய மரபியலின் அந்தப் பகுப்பு மிகக் கூர்மையான கவனிப்பின் விளைவு. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அது வகைப்பாடு. யார் யாரிடமிருந்து வந்தார் என்ற வமிசாவளி அன்று. அந்த அடுக்கை ஏணியாக்கி, புல்லில் தொடங்கிய உயிர் ஒவ்வொரு படியாக ஏறி மனிதனில் வந்து நிற்கிறது என்று எண்ணிவிட்டால், அந்த ஏற்றத்துக்கு ‘வளர்ச்சி’ பொருத்தமான பெயராகவே தோன்றும். ‘குரங்கு மனிதனாக வளர்ந்தது என்றால் இன்றைய குரங்குகள் ஏன் இன்னும் வளரவில்லை?’ என்று பள்ளி மாணவர்கள் கேட்பதும் இதனால்தான். கேள்வியில் குற்றம் இல்லை, பாடத்தின் சொல்லில் இருக்கிறது. இன்றைய சிம்பன்சி நம் மூதாதை அன்று. அதன் வழியும் நம் வழியும் ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. பிரிந்த நாளிலிருந்து இரு வழிகளும் ஒரே கால அளவு மாறிக்கொண்டிருக்கின்றன. 2005-இல் சிம்பன்சியின் மரபணுத்தொகுதி வெளியானபோது, மனிதருடன் ஒப்பிட்டதில் டிஎன்ஏ வரிசையின் தனி எழுத்து வேறுபாடுகள் சுமார் 3.5 கோடி இருந்தன. அவற்றில் ஏறத்தாழப் பாதி நிகழ்ந்தது சிம்பன்சியின் வழியில். அது நின்ற இடத்திலேயே நிற்கவில்லை.

இனி, மரபணுக்கள் தரும் சான்றுக்கு வருகிறேன். ‘வளர்ச்சி’ முற்றாக உடைந்துபோவது இங்கேதான். வைட்டமின் சி-யை உருவாக்கும் கடைசிப் படிக்கு ஒரு நொதி வேண்டும். அதற்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது. சிதைந்து, செயலற்றுப்போன போலி மரபணுவாக இருக்கிறது. அதை இழந்தது ‘மனித இனம்’ என்பதே முதலில் தவறு. மனிதர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன், டார்சியர்கள் என்னும் சிறு விலங்குகளுக்கும் குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான மூதாதையிடமே அது கெட்டுவிட்டது. குரங்குகளின் தூரத்து உறவினரான லீமர்களும் தேவாங்குகளும் இன்றும் வைட்டமின் சி-யைத் தாமே செய்துகொள்கின்றன. இதை வளர்ச்சி என்று சொல்பவர், இந்த ஒரு கணக்கில் தேவாங்கு நம்மைவிட வளர்ந்ததா வளராததா என்று சொல்லியாக வேண்டும். யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் யூரிகேஸ் என்னும் நொதியின் மரபணுவும் நம்மிடமும் சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானிடமும் செயலற்றுக் கிடக்கிறது. மூட்டுகளை வீங்கவைக்கும் கவுட் நோய்க்கு நம் உடல் இடம்கொடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. மணம் அறியும் ஏற்பிகளுக்கான மரபணுக்களில் மனிதரிடம் வேலை செய்பவை ஏறத்தாழ 400. கிட்டத்தட்ட அதே அளவு போலி மரபணுக்களாகிவிட்டன. எலியிடம் வேலை செய்பவை 1,000-க்கும் மேல்.

மனிதருக்கே உரியவை என்று நாம் பெருமைப்படும் பண்புகளிலும் இழப்பு புகுந்திருக்கிறது. சிம்பன்சியிலும் பிற பாலூட்டிகளிலும் மாறாமல் காக்கப்பட்டு மனிதரில் மட்டும் நீங்கிவிட்ட 510 டிஎன்ஏ பகுதிகளை 2011-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று அடையாளம் கண்டது. அவற்றுள் ஒன்று, உயிரணுப் பெருக்கத்தைத் தடுக்கும் ஒரு மரபணுவின் அருகே இருந்தது. அந்தப் பகுதி போனதற்கும் மனித மூளையின் சில பாகங்கள் பெருத்ததற்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். குரோமோசோம் எண்ணிக்கையையும் பார்க்கலாம். வாலில்லாப் பெருங்குரங்குகளுக்கு 48, நமக்கு 46. இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டி நம் இரண்டாம் குரோமோசோம் ஆனது. 48-இலிருந்து 46-க்கு வந்ததை வளர்ச்சி என்பதா, தேய்வு என்பதா? இரண்டும் இல்லை. மாற்றம், அவ்வளவுதான்.

‘இழப்பும் கடைசியில் நன்மையில் முடிகிறது, ஆகவே மொத்தத்தில் வளர்ச்சிதான்’ என்று வாதிடுவோர் உண்டு. 1968-இல் ஜப்பானிய மரபியலாளர் மோட்டோ கிமுரா முன்வைத்த நடுநிலைக் கோட்பாட்டை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மூலக்கூறு அளவில் நிலைபெறும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை நன்மையும் தீமையும் இல்லாதவை, தற்செயலாகவே பரவி நிலைத்தவை என்பது அவர் வாதம். எவ்வளவு மாற்றம் என்பதையே அளவாக எடுத்துக்கொண்டாலும் வளர்ச்சிவாதிக்கு உதவி இல்லை. ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளின் கிளையில் எழுத்து மாற்றங்கள் சேர்ந்த வேகம், மனிதரும் வாலில்லாக் குரங்குகளும் இருக்கும் கிளையின் வேகத்தைவிட அதிகம். நம் கிளையில் மூலக்கூற்றுக் கடிகாரம், அதாவது இம்மாற்றங்கள் சேரும் வேகம், மெதுவாகிவிட்டது. தலைமுறைகளுக்கிடையே காலம் நீண்டது அதற்கு ஒரு காரணம். மாற்றத்தின் அளவே வளர்ச்சி என்றால் நாம் பின்தங்கியவர்கள்.

இன்னொரு தொல்லை கலைச்சொல் எழுதுபவர்களுக்கு நன்றாகத் தெரியும். உயிரியலில் ‘வளர்ச்சி’க்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. கரு சிசுவாவது வளர்ச்சி. அதை ஆராய்வது வளர்ச்சி உயிரியல். கரு வளரும் முறை தலைமுறை தலைமுறையாக எப்படி மாறிவந்தது என்பதை ஆராயும் துறைக்கு என்ன பெயர் வைப்பது? ‘பரிணாம வளர்ச்சி உயிரியல்’ என்பதே முறையான பெயர். ஆனால் அதைப் படிக்கும் தமிழர் வெறும் பரிணாமவியல் என்றே புரிந்துகொள்வார். ஒரு துறையின் பெயரையே இந்த ஒட்டுச்சொல் விழுங்கிவிட்டது.

வடசொல் வேண்டாம் என்பவர்கள் ‘படிமலர்ச்சி’யை முன்வைக்கிறார்கள். தனித்தமிழ் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். நல்ல தமிழ்ச் சொல் இருக்கும் இடத்தில் அதையே ஆளவேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் இந்த ஆக்கம் நோய்க்கு நோயையே மருந்தாகத் தருகிறது. ‘படி’ ஏணியைக் கொண்டுவருகிறது. ‘மலர்ச்சி’யோ மொட்டுக்குள் மறைந்திருந்த மலர் விரிவதைச் சொல்கிறது. 18-ஆம் நூற்றாண்டுக்காரர்கள் கருவைப் பற்றிக் கொண்டிருந்த அதே எண்ணம்: எல்லாம் முன்பே உள்ளே இருந்தது, இப்போது வெளியே வருகிறது. டார்வினும் அவருக்குப் பின் வந்தவர்களும் மறுத்த கருத்து அது. மலர்ச்சி நிறைவையும் அழகையும் குறிக்கும் சொல் என்பதும் சேர்ந்துகொள்கிறது. யூரிகேஸ் மரபணு கெட்டதைப் படிமலர்ச்சி என்று யார் மனமொப்பி எழுத முடியும்? ஆக்கியவர்கள் லத்தீன் சொல்லின் வேரைத் தமிழில் நட்டார்கள். அந்தச் சொல் இன்று உயிரியலில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவில்லை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலருக்கும் இதே பழக்கம்: அகராதியில் வேரைத் தேடுவார்கள், ஆய்வுக்கூடத்தில் பொருளைத் தேடமாட்டார்கள். ‘படிவளர்ச்சி’ இன்னும் மோசம். ஏணியும் வளர்ச்சியும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

இலங்கைப் பாடநூல்கள் ஆளும் ‘கூர்ப்பு’ வேறு தரத்தது. தொல்காப்பிய உரியியலில் ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்று ஒரு நூற்பா உண்டு. ஏற்கெனவே உள்ள ஒன்று மிகுவதை அவ்விரு சொற்களும் உணர்த்தும் என்பது பொருள். ‘உள்ளது சிறத்தல்’ என்று சிலர் பரிணாமத்துக்கு எழுதியதும் இந்த நூற்பாவின் சொற்களைக் கொண்டே. ‘உள்ளது சிறத்தல்’ வெளிப்படையாகவே மேன்மையைப் பேசுகிறது. அதை ஏற்க முடியாது. கூர்ப்பின் வேர்ப்பொருளும் மிகுதிதான். இருந்தும் கூர்ப்பை நான் எதிர்க்கவில்லை. அன்றாடப் பேச்சில் அச்சொல் வழங்குவதில்லை. ஆகவே மாணவர் அதைக் கேட்டதும் வேர்ப்பொருள் மனத்தில் எழுவதில்லை, பாடம் சொல்லும் பொருளே பதிகிறது. ‘வளர்ச்சி’ அப்படிப்பட்டதன்று. குழந்தையும் பயிரும் பொருளாதாரமும் வளரும் அதே சொல் அது. எந்த ஆசிரியராலும் அதன் பொருளைக் கழற்றி வைக்க முடியாது. வடசொல்லைத் தவிர்த்தே தீரவேண்டும் என்பவர்கள் படிமலர்ச்சியை விட்டுவிட்டுக் கூர்ப்பை எடுத்துக்கொள்ளட்டும்.

மரபணு அளவிலான மாற்றங்களுக்கு நம் இலக்கணத்திலேயே அருமையான சொற்கள் ஆயத்தமாக இருக்கின்றன. சொற்கள் சேரும் புணர்ச்சியில் எழுத்துகள் அடையும் திரிபை ‘மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல்’ என்று மூன்றாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. நன்னூல் திரிதல், தோன்றல், கெடுதல் என்கிறது. ஓர் எழுத்து வேறாவது, புதிதாக ஒன்று நுழைவது, இருந்தது நீங்குவது: டிஎன்ஏ வரிசையில் நடப்பவையும் இவையே. மூன்றையும் ஒரே மதிப்பில் ‘திரிபு’ என்ற குடையின்கீழ் வைத்த தெளிவை நினைத்து எனக்கு வியப்புத் தீரவில்லை. மனிதரும் வாலில்லாக் குரங்குகளும் வாலை இழந்ததற்கு, ஒரு மரபணுவுக்குள் ‘ஆலு’ என்னும் சிறு துண்டு நுழைந்தது முக்கியக் காரணம் என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. வரிசையில் தோன்றல், உடலில் கெடுதல். இலக்கணச் சொற்கள் இரண்டையும் குழப்பமின்றிச் சொல்லிவிடுகின்றன. ‘வரலாற்றுத் திரிபு’ போன்ற வழக்கால் திரிபுக்குப் பழிச்சாயல் ஏறிவிட்டது என்பது உண்மை. ஆனால் டெல்டா திரிபு, ஒமிக்ரான் திரிபு என்று செய்திகள் எழுதியபோது வாசகர்கள் தடுமாறவில்லை.

இதற்கு நடுவே ‘பரிமாண வளர்ச்சி’ என்று எழுதுவோர் பெருகிவருகிறார்கள். பரிமாணம் என்பது அளவு: நீளம், அகலம், உயரம். மறுபக்கம், ஒரு நடிகரின் ‘புதிய பரிணாமம்’ என்று, பரிமாணம் வரவேண்டிய இடத்தில் பரிணாமத்தைப் போடுகிறார்கள். இரண்டு சொற்களும் இப்படி ஒன்றில் ஒன்று கரைந்துகொண்டிருக்க, ஆசிரியர் குழுக்கள் பார்த்துக்கொண்டிருப்பது வருத்தம் தருகிறது.

பரிணாமத்தைத் தனியே நிறுத்தினால் வினையும் எளிதாகிறது. ‘பரிணாம வளர்ச்சி அடைந்தன’ என்ற மூன்று சொல் சுமைக்குப் பதில் ‘பரிணமித்தன’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். சிம்பன்சியும் அதன் நெருங்கிய உறவான போனபோவும் ஒரு பொது மூதாதையிடமிருந்து பரிணமித்தவை. பரிணாம மரம், மூலக்கூற்றுப் பரிணாமம், பரிணாமவியல், இணைப்பரிணாமம் என எந்தத் தொடரிலும் வளர்ச்சிக்கு இடம் தேவைப்படவில்லை.